டெர்மட் மக்மரோ: ஒரு ஐரிஷ் மன்னரும் அவர் பெற்ற பிள்ளைகளும்

கேள்வி இது: "அயர்லாந்துக்குள் ஆங்கிலேயரை அழைத்துவந்தவர் டெர்மட் மக்மரோ என்ற மன்னர் என்றும், அடுத்தவர் மனைவியைத் தூக்கிவந்ததால்தான் அவரை நாட்டைவிட்டே விரட்டினார்கள் என்றும் படித்தேன். இது உண்மையா? அவர் குடும்பம் என்ன ஆனது?"

முதல் பாதி உண்மை. அழைத்துவந்தவர் அவர்தான். இரண்டாம் பாதியில் ஒரு சம்பவம் உண்மை, அதைக் காரணமாக்கியது பின்னால் வந்தவர்கள். தூக்கிவந்தது 1152-ல், விரட்டப்பட்டது 1166-ல். நடுவில் பதினான்கு வருடம் இருக்கிறது. என்னைக் கேட்டால், அந்தப் பெண் கதையைவிட நீங்கள் கடைசியாகக் கேட்ட கேள்விதான் முக்கியம். டெர்மட் செய்த ஒவ்வொரு பேரத்துக்கும் அவருடைய பிள்ளைகளில் யாராவது ஒருவர் விலை கொடுத்தார். அந்த வழியில் போனால்தான் இந்த மனிதரைப் புரிந்துகொள்ள முடியும் என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டெர்மட் 1110 வாக்கில் பிறந்தவர். அயர்லாந்தின் தென்கிழக்கில் இருக்கும் லென்ஸ்டர் மாகாணம், அதற்குள் இன்றைய வெக்ஸ்ஃபர்ட் பகுதியை ஆண்ட கின்செலா குலம். ஃபெர்ன்ஸ் என்ற சிற்றூர்தான் அவர்களின் இருப்பிடம். அப்பா டொனாக் லென்ஸ்டரின் மன்னர். 1115-ல், பிள்ளைக்கு ஐந்து வயது இருக்கும்போது, டப்ளின்காரர்களோடு நடந்த சண்டையில் அப்பா கொல்லப்பட்டார். டப்ளின் அப்போது வைக்கிங்குகளின் வழிவந்தவர்கள் வாழ்ந்த வணிக நகரம். அவர்கள் அவரை நகரசபை மண்டபத்தின் நடுவிலேயே ஒரு நாயோடு சேர்த்துப் புதைத்தார்கள் என்று வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் ஜெரால்ட் எழுதிவைத்திருக்கிறார். ஜெரால்ட் அடுத்த தலைமுறைக்காரர், அதுவும் அயர்லாந்தைப் பிடிக்க வந்தவர்களின் சொந்தக்காரர். ஆனாலும் இந்த அவமானக் கதை இரண்டு பக்கமும் பேசப்பட்ட ஒன்றாகவே தெரிகிறது. டெர்மட் ஆயுள் முழுக்க டப்ளின்மீது வைத்திருந்த கண்ணுக்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஐரிஷ் அரசுரிமை மூத்த மகனுக்குத் தானாகப் போய்ச் சேராது. ஆண்வழியில் ஒரே மூதாதையிலிருந்து வந்த பங்காளிகள் எல்லாருமே தகுதியுள்ளவர்கள். அண்ணன், தம்பி, சித்தப்பா, சித்தப்பா மகன் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். மன்னருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மனைவியர் இருப்பது வழக்கம், எந்த மனைவியின் மகனுக்கும் உரிமை உண்டு. ஒரு நிபந்தனை மட்டும் கறாரானது: மன்னர் உடற்குறை இல்லாதவராக இருக்க வேண்டும். அதனால் போட்டிக்காரரைக் கொல்லாமலே ஒழித்துக்கட்ட ஒரு வழி இருந்தது, கண்களைப் பிடுங்கிவிடுவது. அப்புறம் பிணை கொடுக்கும் பழக்கம். தோற்ற மன்னர் தன் மகனையோ தம்பியையோ வென்றவரிடம் பிணையாக ஒப்படைப்பார். வாக்கு மீறினால் பிணையாக இருப்பவரின் உயிர் போகும். பிணை வைத்திருக்காத மன்னர் மன்னரே அல்ல என்பது அந்நாட்டுச் சட்டத்தின் பார்வை. கண், பிணை இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1126-ல் அண்ணன் எனா இறந்தார். டெர்மட்டுக்குப் பதினாறு வயது. மேற்கே கானக்ட் மாகாணத்தின் டர்லோ ஓ'கானர்தான் அப்போது அயர்லாந்திலேயே பலசாலி. அவர் லென்ஸ்டரில் தன் சொந்த மகனை மன்னராக உட்கார வைக்கப் பார்த்தார். அது நிலைக்கவில்லை, ஆனால் இளம் டெர்மட் தலையெடுப்பதற்குள் நாடு சூறையாடப்பட்டது. டர்லோவின் பக்கம் நின்றவர்களில் ஒருவர் பிரெஃப்னி என்ற வடமத்தியப் பகுதியின் மன்னர் டீர்னன் ஓ'ரூர்க். ஒற்றைக் கண்ணர் என்று பட்டப்பெயர் உண்டு. டெர்மட்டின் ஆயுட்காலப் பகையாளி இவர்தான்.

டெர்மட் எப்படி நிலைத்தார் என்பதை மழுப்பாமல் சொல்ல வேண்டும். 1132-ல் கில்டேரில் இருந்த புனித பிரிஜிட் மடத்தை அவருடைய ஆட்கள் தாக்கினார்கள். அந்த மடத்தின் தலைவி பதவி லென்ஸ்டர் அரசியலில் பெரிய பதவி. போட்டிக் குலத்துப் பெண் அதில் இருந்தார். அவரைப் பிடித்துவந்து வலுக்கட்டாயமாக ஒரு வீரனின் படுக்கைக்கு அனுப்பினார்கள். கன்னிமை போனால் பதவி போகும் என்பதுதான் கணக்கு. அந்த இடத்துக்கு டெர்மட்டின் உறவுக்காரப் பெண் வந்தார். 1141-ல் லென்ஸ்டரின் பிரபுக்கள் பதினேழு பேரை அவர் கொன்றார் அல்லது குருடாக்கினார். அவர் காலத்து மற்ற மன்னர்களும் இதே வேலைகளைச் செய்தவர்கள்தான். ஆனால் அந்த மடத்தலைவிக்கு அது எந்த விதத்திலும் ஆறுதல் ஆகாது.

அதே மனிதர் மடங்களைக் கட்டியவரும்கூட. 1148-ல் பால்டிங்கிளாஸில் சிஸ்டர்சியன் துறவிகளுக்கு மடம், ஃபெர்ன்ஸில் அகஸ்டீனியருக்கு மடம், டப்ளின் மதிலுக்கு வெளியே கன்னியருக்கு ஒன்று, 'எல்லாப் புனிதர்' என்ற பெயரில் துறவிகளுக்கு ஒன்று. புதிதாக ஐரோப்பாவிலிருந்து வந்த திருச்சபைச் சீர்திருத்த அலையில் அவர் மனதாரச் சேர்ந்திருந்தார் என்றுதான் தோன்றுகிறது. பழைய ஐரிஷ் கதைகளும் வம்சாவளிகளும் நிறைந்த 'லென்ஸ்டர் நூல்' என்ற பெரிய சுவடி உருவானதும் அவர் காலத்தில்தான். அதைத் தொகுத்தவர்களில் முக்கியமானவர் ஆய்த் மக் கிரிம்தன், டெர்மட்டுக்கு நெருக்கமான கல்விமான். அந்தச் சுவடிக்குப் பிறகு வருகிறேன்.

சரி, குடும்பம். டெர்மட்டின் மனைவியரில் இருவரை நன்றாகத் தெரியும். ஒருவர் சைவ், வடக்கு லென்ஸ்டரின் ஃபெலான் குலம். மற்றவர் மோர் ஓ'டூல், விக்லோ மலைப்பக்கத்தில் செல்வாக்குள்ள குலத்தின் மகள். இரண்டு சம்பந்தங்களுமே லென்ஸ்டருக்குள் இருந்த போட்டிக் குலங்களை அணைத்துக்கொள்ளச் செய்தவை. சைவின் மகள் ஓர்லா, மோரின் மகள் ஈஃபா. மகன்களில் டோனல், எனா, கொனோர் என்ற மூவர் நம் கதைக்கு வருகிறார்கள். பெரியப்பாவின் பெயரைத்தான் எனாவுக்கு வைத்திருக்கிறார்கள். டோனல் கில்கவன் என்ற இடத்தில் புனிதர் கேவான் பெயரிலான மடத்தில் வளர்ந்ததால் கவனா என்று அழைக்கப்பட்டார். அந்நாட்டில் பிள்ளைகளை வேறு வீட்டில் வளர்க்கக் கொடுப்பது உயர்குடி வழக்கம். வளர்ப்பு வீட்டு அண்ணன் தம்பி உறவு ரத்த உறவைவிடக் கெட்டியானது என்பார்கள்.

மோரின் சகோதரர் லோர்கான், ஆங்கிலத்தில் லாரன்ஸ் ஓ'டூல். பத்து வயதுச் சிறுவனாக இவரை டெர்மட்டிடம் பிணையாகக் கொடுத்திருந்தார்கள். பாறையும் குளிருமான ஒரு இடத்தில் வைத்துச் சரியாகச் சோறுகூடப் போடவில்லை. பையனின் அப்பா டெர்மட்டின் வீரர்கள் பன்னிரண்டு பேரைப் பிடித்துவைத்து, பையனை விடாவிட்டால் தலையெடுப்பேன் என்று மிரட்டிய பிறகுதான் கிளெண்டலோக் ஆயரிடம் அவரை ஒப்படைத்தார்கள். பையன் அங்கேயே துறவியாகி, மடாதிபதியாகி, 1162-ல் டப்ளினின் பேராயரும் ஆனார். பட்டினி போட்டு வைத்திருந்தவரின் மைத்துனராகவும் ஆனார்! 1225-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அவருடைய பதப்படுத்திய இதயம் டப்ளின் கிறைஸ்ட் சர்ச் பேராலயத்தில் இருக்கிறது. 2012-ல் யாரோ திருடிவிட்டார்கள், 2018-ல் மீட்டார்கள்.

இப்போது 1152. டர்லோ ஓ'கானரும், வடக்கின் மர்டா மக்லாக்லினும், டெர்மட்டும் சேர்ந்து ஓ'ரூர்க்கின் பிரெஃப்னிக்குள் படையெடுத்தார்கள். ஓ'ரூர்க்கைப் பதவியிலிருந்து இறக்கி, நாட்டைப் பிரித்தார்கள். திரும்பும்போது டெர்மட் ஓ'ரூர்க்கின் மனைவி டெர்வர்கிலாவைத் தன்னோடு கொண்டுபோனார், அவளுடைய மாடுகளோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும். அவள் மீத் நாட்டு மன்னரின் மகள். வயது 44. அவளுடைய சகோதரனே இதற்கு யோசனை சொன்னதாக ஐரிஷ் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. அவளே ஆளனுப்பி அழைத்ததாகப் பின்னால் எழுந்த ஒரு பிரெஞ்சு நீள்பாட்டு சொல்கிறது.

தூக்கிக்கொண்டு ஓடிய காதலன் கதைக்கு இது பொருந்துகிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். சொந்தச் சொத்தான மாடுகளை ஓட்டிக்கொண்டு, பிறந்த வீட்டுச் சம்மதத்தோடு, தோற்றுப்போன கணவனைவிட்டு ஒரு பெண் வெளியேறுகிறாள். பிறந்த வீட்டுக்காரர்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்களோ அந்தப் பக்கம் அவளும் சொத்தும் போகிறது. அவள் மனதில் என்ன இருந்தது என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை. அடுத்த வருடமே, 1153-ல், டர்லோ ஓ'கானர் அவளை மீட்டு அவள் வீட்டாரிடம் சேர்த்துவிட்டார். அதன் பிறகு நாற்பது வருடம் வாழ்ந்தாள். 1157-ல் மெல்லிஃபாண்ட் மடத்துக் கோயில் அர்ப்பணிக்கப்பட்டபோது 60 அவுன்ஸ் தங்கம் கொடுத்தாள். 1167-ல் கிளான்மக்னாய்ஸில் கன்னியர் கோயிலைக் கட்டிமுடித்தாள். செதுக்குவேலை நிறைந்த அதன் வாசல் வளைவு இன்றும் நிற்கிறது. 1193-ல், 85 வயதில், மெல்லிஃபாண்டில் இறந்தாள். இவ்வளவு இருந்தும், கிரேக்கக் கதையில் ஒரு நாட்டையே அழித்ததாகச் சொல்லப்படும் ஹெலன் மாதிரி அவளை ஆக்கிவிட்டார்கள். ஒரு பெண்ணால்தான் எல்லாம் வந்தது என்று முதலில் எழுதியவர்களில் ஜெரால்டும் ஒருவர். அது நியாயமே இல்லை.

ஆனால் ஓ'ரூர்க் மறக்கவில்லை என்பது உண்மை. ஐரிஷ் சட்டத்தில் ஒருவரின் மானத்துக்கு விலை உண்டு. அந்த விலைக்கு அவர்கள் வைத்த பெயரின் நேர்ப்பொருள் 'முகத்தின் விலை'. யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை என்று நாம் சொல்வதுபோல, அவர்களுக்கும் மானம் முகத்தில்தான் இருந்தது. ஓ'ரூர்க்கின் முகத்துக்கு விலை பாக்கி இருந்தது.

டெர்மட்டைக் கவிழ்த்தது வேறு விஷயம். டர்லோ 1156-ல் இறந்த பிறகு வடக்கின் மர்டா மக்லாக்லின் அயர்லாந்தின் தலைமை மன்னர் ஆனார். டெர்மட் அவர் பக்கம். பத்து வருடம் நன்றாகப் போனது. டப்ளின்கூட டெர்மட்டைத் தன் மேல்மன்னராக ஏற்றது. 1166-ல் மக்லாக்லின், அர்மா பேராயரும் மன்னர்களும் ஜாமீன் நின்ற ஒரு சமாதானத்தை மீறி, வடகிழக்கே இருந்த அல்ஸ்டர் மன்னரின் கண்களைப் பிடுங்கினார். ஜாமீன் நின்றவர்கள் கொதித்துப்போனார்கள். அவருடைய ஆதரவு கரைந்தது, அந்த வருடமே கொல்லப்பட்டார். டர்லோவின் மகன் ரோரி ஓ'கானர் தலைமை மன்னர் ஆனார். டெர்மட்டுக்கு இருந்த ஒரே தூண் சரிந்துவிட்டது. டப்ளின்காரர்கள் விலகினார்கள், வடக்கு லென்ஸ்டர்க் குலங்கள் விலகின, ஓ'ரூர்க் படையோடு வந்து ஃபெர்ன்ஸில் அவருடைய கல்வீட்டை இடித்தார். நாற்பது வருடம் ஆண்ட ஒருவரிடம் சில வாரங்களில் ஒன்றுமே மிஞ்சவில்லை.

1166 ஆகஸ்ட் 1-ம் தேதி அவர் கப்பல் ஏறினார். லென்ஸ்டர் நூலின் ஒரு பக்கத்தில், கீழ் ஓரத்தில், அந்த நாளின் குறிப்பு இருக்கிறது. ஐயோ மரியே, இன்று அயர்லாந்தில் பெரிய காரியம் நடந்துவிட்டது, லென்ஸ்டருக்கும் அந்நியருக்கும் (அதாவது டப்ளின்காரர்களுக்கும்) மன்னரான டெர்மட்டை அயர்லாந்து மக்கள் கடல்தாண்டிக் கிழக்கே துரத்திவிட்டார்கள், ஐயோ ஆண்டவரே, நான் என்ன செய்வேன் என்று எழுதியிருக்கிறது. டெர்மட்டைப் பற்றி எதிரிகள் எழுதியவை ஏராளம். அவருக்காக ஒருவர் அழுதது இந்த நாலு வரிதான். அந்தச் சுவடியின் பெரும்பகுதி இப்போது டப்ளின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் இருக்கிறது. டிரினிட்டி கல்லூரி எழுந்த இடமோ, டெர்மட் துறவிகளுக்குக் கொடுத்த அந்த 'எல்லாப் புனிதர்' மடத்து நிலம்.

கப்பல் பிரிஸ்டலுக்குப் போனது. அங்கே ராபர்ட் ஃபிட்ஸ் ஹார்டிங் என்ற பெரிய வணிகர் இடம் கொடுத்தார். இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றி பிரான்ஸில் இருந்தார், டெர்மட் தேடிக்கொண்டு அக்விடேன்வரை போனார். ஹென்றி அவரைத் தன் ஆளாக ஏற்றார், படை தரவில்லை. என் குடிகளில் யார் வேண்டுமானாலும் இவருக்கு உதவலாம் என்று ஒரு கடிதம் மட்டும் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு டெர்மட் வேல்ஸ் எல்லையில் ஆள் தேடினார். கிடைத்தவர்களில் பெரிய ஆள் ரிச்சர்ட் டி கிளேர், ஸ்ட்ராங்போ என்று பின்னால் அழைக்கப்பட்டவர். நல்ல குடும்பம், ஆனால் ஹென்றிக்கு அவரைப் பிடிக்காது. பெம்புரோக் ஏர்ல் பட்டத்தை அவருக்குத் தராமல் வைத்திருந்தார். இழக்க அதிகம் இல்லாதவர்.

ஸ்ட்ராங்போவிடம் டெர்மட் சொன்ன பேரம்: என் மகள் ஈஃபாவை உனக்குத் தருகிறேன், எனக்குப் பின் லென்ஸ்டர் உனக்கு.

இந்த வாக்குறுதியில்தான் எனக்கு ஆர்வம் அதிகம். ஐரிஷ் சட்டப்படி இதற்கு அர்த்தமே இல்லை. பெண்வழியில் அரசுரிமை போகாது. மகளுக்கு அதிகபட்சம் ஆயுட்காலம்வரை அனுபவிக்கக் கொஞ்சம் நிலம் உண்டு. மருமகனுக்கு மன்னர் பதவி என்பதை எந்தப் பங்காளியும் ஏற்கமாட்டான். அதோடு டெர்மட்டுக்கு அப்போது வளர்ந்த மகன்கள் மூன்று பேர் இருந்தார்கள். ஆனால் ஸ்ட்ராங்போவின் ஊர்ச் சட்டப்படி, மனைவி வழியில் நிலம் வருவது சாதாரண விஷயம். ஒரே வாக்கியத்தை இரண்டு பேரும் இரண்டு சட்டத்தில் வைத்துக் கேட்டார்கள். ஊரைப் பிடித்த பிறகு பங்காளிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று டெர்மட் கணக்குப் போட்டிருக்கலாம். வேறு எதுவும் கையில் இல்லாத மனிதர் தன்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்தார் என்றும் சொல்லலாம். இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

வேல்ஸில் இன்னொரு கூட்டமும் கிடைத்தது. நெஸ்டா என்ற வேல்ஸ் இளவரசியின் பிள்ளைகளும் பேரர்களும். ராபர்ட் ஃபிட்ஸ் ஸ்டீஃபனும் மாரிஸ் ஃபிட்ஸ்ஜெரால்டும் அவளுக்கு வெவ்வேறு ஆண்கள் வழியில் பிறந்த மகன்கள். ஜெரால்டும் அவளுடைய பேரர்தான். இவர்களுக்கு வெக்ஸ்ஃபர்ட் நகரைத் தருவதாக டெர்மட் சொன்னார்.

1167-ல் ஒரு சின்னக் குழுவோடு அவர் திரும்பிவந்தார். ரோரியும் ஓ'ரூர்க்கும் வந்து தோற்கடித்தார்கள். கின்செலா நாட்டை மட்டும் வைத்துக்கொள்ள அனுமதித்தார்கள். அப்போதுதான் டெர்மட் ஓ'ரூர்க்குக்கு 100 அவுன்ஸ் தங்கம் கொடுத்தார், டெர்வர்கிலாவைக் கொண்டுபோனதற்காக. முகத்தின் விலை, பதினைந்து வருடம் கழித்து. சட்டப்படி அந்தக் கணக்கு அங்கே முடிந்தது.

அடுத்த வருடம், 1168-ல், மகன் எனாவின் கண்களைப் பிடுங்கினார்கள். செய்தது பக்கத்து ஆஸரி நாட்டு மன்னர். அரசுக்கு வரத் தகுதியுள்ள மகன் ஒருவர் ஒரே நாளில் தகுதி இழந்தார். டெர்மட் பதினேழு பேருக்குச் செய்தது அவர் வீட்டுக்குள் வந்தது.

1169 மே மாதம் ஃபிட்ஸ் ஸ்டீஃபன் மூன்று கப்பலில் பானோ விரிகுடாவில் இறங்கினார். ஜெரால்டின் கணக்கில் 30 வீரத்தலைவர்கள், கவச வீரர்கள் 60 பேர், வில்லாளிகள் 300 பேர். மறுநாள் மாரிஸ் டி பிரெண்டர்காஸ்ட் இன்னும் இரண்டு கப்பலில் வந்தார். எண்ணிக்கை ஒன்றும் பெரிதில்லை. இரும்புக் கவசமும், குதிரைப்படையும் வில்லாளிகளும் சேர்ந்து போரிடும் பழக்கமும்தான் வித்தியாசம். டெர்மட் தன் ஆட்களோடு சேர்ந்துகொண்டார், வெக்ஸ்ஃபர்ட் பணிந்தது. அடுத்து ஆஸரிமீது பாய்ந்தார்கள். வென்ற பிறகு 200 தலைகளை டெர்மட்டின் காலடியில் குவித்தார்களாம். ஒவ்வொன்றாகப் புரட்டி அடையாளம் பார்த்தவர், மிகவும் வெறுத்த ஒருவரின் தலையைத் தூக்கி மூக்கையும் உதட்டையும் கடித்தார் என்று ஜெரால்ட் எழுதுகிறார். ஐரிஷ்காரர்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டுவதில் ஜெரால்டுக்கு அக்கறை உண்டு, அதனால் அப்படியே நம்ப எனக்கு மனமில்லை. ஆனால் மகனின் கண் போனது ஆஸரியால்தான் என்பதை ஜெரால்டைப் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் மறந்துவிடுகிறார்கள்.

ரோரி பெரிய படையோடு ஃபெர்ன்ஸுக்கு வந்தார். சண்டை வேண்டாமென்று பேசி முடித்தார்கள். டெர்மட் லென்ஸ்டரை வைத்துக்கொள்ளலாம், ரோரியைத் தலைமை மன்னராக ஏற்க வேண்டும், வெளியாட்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். வாக்குக்குப் பிணையாக மகன் கொனோரைக் கொடுத்தார். கூடவே டோனல் கவனாவின் மகனும், அதாவது டெர்மட்டின் பேரனும், வளர்ப்பு வீட்டுச் சகோதரனின் மகனும் ரோரியின் கைக்குப் போனார்கள்.

1170 ஆகஸ்ட் 23-ல் ஸ்ட்ராங்போவே வந்து இறங்கினார், ஏறத்தாழ 200 வீரத்தலைவர்களோடும் மற்ற வீரர்கள் 1000 பேரோடும். இரண்டு நாளில் வாட்டர்ஃபர்ட் விழுந்தது. விழுந்த கையோடு அந்த ஊரிலேயே ஈஃபாவுக்கும் ஸ்ட்ராங்போவுக்கும் திருமணம். டேனியல் மக்லீஸ் என்ற ஓவியர் 1854-ல் இதைப் பெரிய திரையாக வரைந்தார், டப்ளின் தேசிய ஓவியக்கூடத்தில் தொங்குகிறது. இடிந்த நகரம், குவிந்த பிணங்கள், நடுவில் மணமகள். திருமணத்துக்கு ஈஃபா என்ன சொன்னாள் என்று எந்த ஏட்டிலும் இல்லை. திருச்சபைச் சட்டப்படி பெண்ணின் சம்மதம் வேண்டும், அந்தச் சட்டத்துக்காகப் போராடிய பேராயர் அவளுடைய சொந்தத் தாய்மாமன்.

அந்தத் தாய்மாமனின் நகரமே அடுத்த இலக்கு. ரோரி வழியை மறித்துக் காத்திருக்க, டெர்மட் மலைப்பாதையில் படையைக் கூட்டிப்போய் டப்ளின் வாசலில் நிறுத்தினார். லோர்கான் வெளியே வந்து சமாதானம் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு முடியும் முன்பே இளம் வீரர்கள் சிலர் மதிலேறி உள்ளே புகுந்து வெட்டத் தொடங்கிவிட்டார்கள். செப்டம்பர் 21. அப்பாவை நாயோடு புதைத்த ஊர் டெர்மட்டின் கைக்கு வந்தது.

அங்கேயே நிற்காமல் மீத், பிரெஃப்னி என்று மேலே போனார். ரோரி எச்சரித்து ஆளனுப்பினார். டெர்மட் கேட்கவில்லை. ரோரி மூன்று பிணைகளையும் கொன்றார்: மகன் கொனோர், பேரன், வளர்ப்புச் சகோதரனின் மகன். விளைவு தெரியாமல் டெர்மட் அந்த எச்சரிக்கையை மீறினார் என்று சொல்ல வழியே இல்லை. நாற்பது வருடம் மற்றவர் பிள்ளைகளைப் பிணையாக வைத்திருந்தவருக்கு அந்த விதி மனப்பாடம். இந்த இடத்தில் டெர்மட்டுக்காக வாதாட என்னால் முடியவில்லை.

1171 மே மாதத் தொடக்கத்தில் ஃபெர்ன்ஸில் இறந்தார். எதிர்ப்பக்கத்து ஆண்டுக்குறிப்பு, பெயர் தெரியாத நோயில் உயிரோடு அழுகி, பாவமன்னிப்பும் நற்கருணையும் இல்லாமல் செத்தார் என்கிறது. லென்ஸ்டர் நூலின் மன்னர் பட்டியலோ, 46 வருடம் ஆண்டு, 61-ம் வயதில், பாவமன்னிப்பும் பூசுதலும் பெற்று இறந்தார் என்கிறது. அதற்கு அடுத்த வரி, அதன்பின் சாக்ஸன்கள், அதாவது ஆங்கிலேயர், ஆள்கிறார்கள், பரிதாபமாக. ஃபெர்ன்ஸ் கல்லறையில் உடைந்த சிலுவைத்தூண் ஒன்றைக் காட்டி இதுதான் அவர் இடம் என்கிறார்கள்.

அக்டோபரில் ஹென்றியே படையோடு வந்தார். ஸ்ட்ராங்போ தனி ராஜ்யம் அமைத்துவிடக் கூடாது என்பதுதான் அவர் கவலை. ஸ்ட்ராங்போ லென்ஸ்டரை ஹென்றியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், மன்னராக அல்ல, பிரபுவாக. ஓ'ரூர்க் 1172-ல் ஒரு பேச்சுவார்த்தையின்போது கொல்லப்பட்டார். டெர்மட்டின் மகள் ஓர்லாவை மணந்திருந்த, தென்மேற்கே தாமண்ட் நாட்டின் மன்னர் டோனல் மோர் ஓ'பிரையன் 1174-ல் தர்லஸ் என்ற இடத்தில் ஆங்கிலேயப் படையைத் தோற்கடிக்க, ஸ்ட்ராங்போ பின்வாங்கி வாட்டர்ஃபர்டுக்குள் போக வேண்டியதாயிற்று. இருவருமே டெர்மட்டின் மருமகன்கள். 1175-ல் டோனல் கவனா கொல்லப்பட்டார், அடுத்த வருடம் ஸ்ட்ராங்போ இறந்தார்.

ஈஃபாவின் ஒரே மகன் சிறுவயதிலேயே போய்விட்டான். மகள் இசபெல் 1189-ல் வில்லியம் மார்ஷலை மணந்தாள், அந்தக் காலத்து இங்கிலாந்தின் மிகப் புகழ்பெற்ற வீரர். ஐந்து மகன், ஐந்து மகள். ஐந்து மகன்களும் வாரிசு இல்லாமல் இறக்க, டெர்மட்டின் லென்ஸ்டர் மகள்கள் வழியாகத் துண்டுதுண்டாகப் பிரிந்தது. அவர்களில் ஒருத்தியின் வழியில் வந்தவர் ஸ்காட்லாந்தின் ராபர்ட் புரூஸ். இன்னொருத்தியின் வழி மார்ட்டிமர் குடும்பம்.

டோனல் கவனாவின் வழிவந்தவர்களோ பெண்வழிப் பிரிவினையை ஒருபோதும் ஏற்கவில்லை. மலைகளுக்குள் ஒதுங்கினாலும் லென்ஸ்டர் மன்னர் என்ற பட்டத்தை விடவில்லை. பதினான்காம் நூற்றாண்டின் கடைசியில் ஆர்ட் மக்மரோ கவனா ஆங்கிலேயக் குடியேற்றத்தையே திணறடித்தார். இரண்டாம் ரிச்சர்ட் மன்னர் 1394-ல் தானே படையோடு வந்து பார்த்தார். 1398-ல் கார்லோ பகுதியில் லென்ஸ்டர் ஐரிஷ்காரர்கள் கையில் ரோஜர் மார்ட்டிமர் கொல்லப்பட்டார், ரிச்சர்டுக்கு அடுத்து அரியணைக்கு வரவேண்டியவராகக் கருதப்பட்டவர், ஈஃபாவின் வழித்தோன்றல். மறுவருடம் ரிச்சர்ட் ஆர்ட்டை அடக்க மறுபடி வந்தார். அவர் அயர்லாந்தில் இருக்கும்போதே இங்கிலாந்தில் அவருடைய சித்தப்பா மகன் ஹென்றி போலிங்புரோக் இறங்கி அரியணையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் படையெடுப்பில் ஆர்ட் பிடிபடவில்லை. கொல்லப்பட்ட ரோஜரின் மகள் ஆன், அவளுடைய பேரன் இங்கிலாந்தின் நான்காம் எட்வர்ட். இன்றைய பிரிட்டிஷ் அரச குடும்பம்வரை அந்தக் கிளை போகிறது. கவனா கிளை கார்லோவில் போரிஸ் என்ற ஊரில் இன்னும் இருக்கிறது.